கருணைக்கொலையும் உறுப்பு தானமும்: முடிவு யார் கையில்?

2004 டிசம்பரில் ஆந்திர உயர் நீதிமன்றத்தில் ஒரு தாய் மனுப் போட்டார். அவருடைய மகன் வெங்கடேஷுக்கு வயது 25. சதுரங்கம் நன்றாக ஆடுவார். சிறு வயதிலேயே பிடித்துக்கொண்ட டுஷேன் தசைச்சிதைவு நோய் அவருடைய தசைகளை ஒவ்வொன்றாக முடக்கிவிட்டது. கடைசியில் மூச்சுக்கும் கருவியை நம்பி ஹைதராபாத் மருத்துவமனையில் கிடந்தார். அவர் கேட்டது ஒன்றுதான். நோய்த்தொற்று உடம்பைக் கெடுப்பதற்குள் கருவியை நிறுத்திவிட்டு, இதயம், கல்லீரல், சிறுநீரகம், கண் என்று எதெல்லாம் உதவுமோ அதையெல்லாம் எடுத்துப் பிறருக்குக் கொடுத்துவிட வேண்டும். நீதிமன்றம் மறுத்தது. மூளைச்சாவு அடையாத ஒருவரின் உயிரைப் போக்கி உறுப்புகளை எடுக்க 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தில் இடமில்லை. டிசம்பர் 17ஆம் தேதி அவர் இறந்தார். கண்களை மட்டுமே எடுக்க முடிந்தது. 2022இல் ரேவதி இயக்கத்தில் வந்த 'சலாம் வெங்கி' என்ற இந்திப் படம் இவருடைய கதைதான்.

படம் பார்த்தவர்களுக்குச் சட்டத்தின் மேல் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்த மனுவில் இரண்டு கோரிக்கைகள் பின்னிக்கிடந்தன. ஒன்று, என்னைச் சாக விடுங்கள் என்பது. மற்றது, என் உறுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது. தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் நியாயம் உண்டு. இரண்டாவதற்காக முதலாவது என்று ஆகிவிட்டால் ஆபத்து தொடங்குகிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் நம் சட்டம் இந்த இரண்டையும் வேறு வேறு பாதைகளில் நகர்த்தி வந்திருக்கிறது. ஐசியூ வாசலில் நிற்கும் குடும்பத்துக்கோ இரண்டும் ஒரே இரவில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வந்து சேர்கின்றன. அந்த இரவில் முடிவெடுப்பது உண்மையில் யார் என்பதுதான் இந்த விவாதத்தின் உயிர்நிலை. பெரும்பாலும் அது சாகக் கிடப்பவர் அல்ல.

முதலில் சாவு பற்றிய சட்டம் நடந்துவந்த வழியைப் பார்ப்போம். 1994இல் பி. ரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றம், தற்கொலை முயற்சியைத் தண்டிக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவே செல்லாது என்றது. 1996இல் கியான் கௌர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றி, வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்றது. கூடவே, கண்ணியத்தோடு வாழ்வது என்பது இயற்கையான முடிவு வரைக்கும் கண்ணியத்தோடு இருப்பதையும் சேர்த்துத்தான் என்றும் சொல்லி வைத்தது. பிறகு வந்த தீர்ப்புகளெல்லாம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தன.

அடுத்தது அருணா ஷான்பாக் வழக்கு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியரான அவர் 1973 நவம்பரில் அங்கேயே பணியாளர் ஒருவரால் தாக்கப்பட்டார். கழுத்து நெரிக்கப்பட்டதில் மூளைக்கு ரத்தம் போகாமல் நினைவிழந்தார். 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் படுக்கையில் கிடந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி வழக்குத் தொடுத்தார். செவிலியர்கள் எதிர்த்தார்கள். 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. அருணாவின் மூளைத்தண்டு இயங்குகிறது, எனவே அவர் இறந்தவர் அல்லர் என்றது. அவர் சார்பில் முடிவெடுக்கத் தக்கவர்கள் அத்தனை ஆண்டுகள் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்த மருத்துவமனை ஊழியர்களே என்றும் சொன்னது. அதே தீர்ப்புதான், உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என்று இந்தியாவில் முதன்முறையாகக் கதவைத் திறந்தது. பராமரிப்பவர்களுக்கே பேசும் உரிமை என்ற அந்தக் கருத்து இன்னும் சரியாகக் கவனிக்கப்படவில்லை என்று நினைக்கிறேன். அருணா 2015 மே 18 அன்று நிமோனியாவால் இறந்தார்.

2018 மார்ச் 9 அன்று 'காமன் காஸ்' வழக்கில் ஐந்து நீதிபதிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கண்ணியமாக இறப்பது அடிப்படை உரிமை; சுயநினைவோடு இருக்கும்போதே ஒருவர், எனக்கு இன்ன நிலை வந்தால் இன்ன சிகிச்சை வேண்டாம் என்று மருத்துவ உயில் எழுதி வைக்கலாம் என்றார்கள். ஆனால் நடைமுறையை முட்டுக்கட்டைகளால் நிரப்பிவிட்டார்கள். மாஜிஸ்திரேட் முன்னிலையில் கையெழுத்து, இருபது ஆண்டு அனுபவமுள்ள மருத்துவர்களின் குழு, ஆட்சியர் அமைக்கும் இன்னொரு குழு, மாஜிஸ்திரேட் நேரில் வந்து பார்ப்பது என்று நீண்டது பட்டியல். ஐந்து ஆண்டுகளாக அந்த உரிமை காகிதத்தில்தான் இருந்தது. 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றமே அதை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் எழுதினால் போதும். ஐந்து ஆண்டு அனுபவமுள்ள நிபுணர்கள் குழுவில் இருக்கலாம். ஒவ்வொரு குழுவும் 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல முயல வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தெரிவித்தால் போதும். மருத்துவ உயில் எழுதாதவர்களுக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே வழி உண்டு. 2025 ஜனவரியில் கர்நாடக அரசு இதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை வெளியிட்டது. ஊசி போட்டு உயிரைப் போக்குவது மட்டும் இன்றும் குற்றம்தான்.

சட்டம் இப்படி நடந்துகொண்டிருக்க, ஊரில் நடப்பது வேறு. ஐசியூவில் பத்து நாள் இருந்தவரின் மகனைக் கூப்பிட்டு, "இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்" என்கிறார்கள். அல்லது கையில் காசு தீர்ந்து, மகனே கேட்கிறார். மருத்துவ ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம் என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். ஆம்புலன்ஸில் ஒருவர், கையால் மூச்சுக்காற்றைச் செலுத்தும் அம்பு பையை அழுத்திக்கொண்டே வருகிறார். வீட்டுத் திண்ணையில் இறக்கியதும் குழாயை எடுத்துவிடுகிறார்கள். மருத்துவக் குழு கிடையாது, வலிக்கு மார்பின் கிடையாது, மூச்சுத் திணறலுக்கு மருந்து கிடையாது. சிகிச்சையை விலக்குவது நம் நாட்டில் பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் நடந்து வருகிறது. இதில் உரிமை எங்கே இருக்கிறது? பணம் தீர்ந்த நாள்தான் முடிவைச் சொல்கிறது. 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டு மார்பின் வாங்குவது எளிதாக்கப்பட்ட பிறகும், வலி தணிக்கும் மருத்துவம் கேரளத்தில் வேரூன்றிய அளவுக்கு வேறெங்கும் வேரூன்றவில்லை. வலியைத் தணிக்க ஆளில்லாத இடத்தில் சாகும் உரிமையைப் பற்றிப் பேசுவது அரைகுறைப் பேச்சு.

இங்கே தமிழ்நாட்டுக்கு என்று ஒரு கசப்பான அறிவு உண்டு. விருதுநகர் வட்டாரத்தில் தலைக்கூத்தல் என்று சொல்லப்படும் வழக்கம் அது. படுத்த படுக்கையான முதியவரை அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீர் இளநீராகக் கொடுக்கிறார்கள். ஓரிரு நாளில் காய்ச்சல் கண்டு உயிர் போய்விடும். 2010 வாக்கில் பத்திரிகைகள் இதை விரிவாக எழுதின. பிறகு 'பாரம்' படம் இதையே பேசியது. செய்பவர்கள் எல்லோரும் கொடியவர்கள் அல்லர். அன்றாடக் கூலியில் ஓடும் வீட்டில் பீ மூத்திரம் அள்ள ஆளில்லாத கையறு நிலையும் அதில் இருக்கிறது. ஆனால் கிழவியை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், "பிள்ளைகளுக்குப் பாரமா இருக்கேன், போயிட்டாத் தேவலை" என்றுதான் சொல்வாள். அந்தச் சொல்லைச் சம்மதமாக எழுதிக்கொள்ள ஒரு சட்டம் வந்தால் என்ன ஆகும்? நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002இல் கருணைக்கொலையை அனுமதித்தபோது, அங்கே மருத்துவச் செலவை அரசும் காப்பீடும் சுமந்தன. இங்கே சுமப்பது வீடு. இந்த ஒரு காரணத்துக்காகவே, நோயாளியின் உயிரை நேரடியாகப் போக்கும் கருணைக்கொலையை இப்போதைக்கு நான் எதிர்க்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் நம் மரபில் இருக்கிறது. கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் வடக்கிருந்தான், அவனுடைய நண்பர் பிசிராந்தையாரும் அவனோடு உயிர் நீத்தார். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றத்துக் கல்வெட்டு, சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததைப் பதிந்து வைத்திருக்கிறது. இதே சல்லேகனை நோன்பைத் தற்கொலை என்று 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தடை செய்தது. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. துறவியும் அரசனும் தாமே தேர்ந்தார்கள், சுற்றியிருந்தவர்கள் சாட்சியாக நின்றார்கள். தலைக்கூத்தலில் சுற்றியிருப்பவர்கள் தேர்கிறார்கள். எந்தச் சட்டமும் இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

இனி உறுப்புப் பக்கம். 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தார். அடுத்த ஆண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று, மீளாத ஆழ்மயக்கத்தைச் சாவாகக் கொள்ளலாம் என்று அறிக்கை தந்தது. அதற்கு இரண்டு காரணங்களை வெளிப்படையாகவே சொன்னது. திரும்பி வரவே முடியாதவர்களைக் கருவியில் வைத்திருப்பதன் சுமை ஒன்று. பழைய வரையறையால் உறுப்புகளைப் பெறுவதில் எழும் சர்ச்சை மற்றொன்று. இரண்டாவது காரணத்தை எழுதியதால் எழுந்த சந்தேகம் இன்னும் தீரவில்லை. உறுப்பு வேண்டும் என்பதற்காகச் சாவை முன்னால் இழுத்துவிட்டார்களா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஜப்பானில் 1968இல் நடந்த முதல் இதய மாற்று அப்படியொரு சந்தேகத்தில் சிக்கியது. மூளைச்சாவை ஏற்று அங்கே சட்டம் வர 1997 ஆகிவிட்டது.

நான் மூளைச்சாவைச் சாவாகவே ஏற்கிறேன். அதைச் சோதிக்கும் விதம் தெரிந்தால் பலரும் ஏற்பார்கள். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பாவை சுருங்குகிறதா என்று பார்க்கிறார்கள். விழியைப் பஞ்சால் தொடுகிறார்கள். காதுக்குள் சில்லென்ற நீரைச் செலுத்தி விழி அசைகிறதா என்று கவனிக்கிறார்கள். தொண்டையில் குழாய் பட்டால் இருமல் வருகிறதா என்று பார்க்கிறார்கள். கடைசியாக வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்து, ரத்தத்தில் கரியமில வாயு ஏறியும் மார்பு தானாக எழும்புகிறதா என்று காத்திருக்கிறார்கள். நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை இதைச் செய்து கையெழுத்திட வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவைச் சேர்ந்த யாரும் அதில் இருக்கக் கூடாது. இவ்வளவுக்குப் பிறகும் தாய்க்கு எதிரே கிடக்கும் உடம்பு சூடாக இருக்கும். மார்பு ஏறி இறங்கும். சிறுநீர்ப் பை நிறையும். "என் பிள்ளை செத்துட்டான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று அவள் கேட்பதில் அறியாமை எதுவும் இல்லை.

நம் சட்டமும் அதே கேள்வியில்தான் தடுமாறுகிறது. உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை மரணம் என்கிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ, உயிரின் அறிகுறிகள் அனைத்தும் நிரந்தரமாக மறைவதே மரணம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. விளைவைப் பாருங்கள். குடும்பம் தானத்துக்குச் சம்மதித்தால் அவர் இறந்தவர். சம்மதிக்காவிட்டால் வென்டிலேட்டரை எடுக்க மருத்துவர் தயங்குகிறார், இதயம் தானாக நிற்கும் வரை கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. அமெரிக்காவில் 2013இல் கலிபோர்னியா இறந்ததாக அறிவித்த ஒரு சிறுமியைப் பெற்றோர் நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோனார்கள். மத நம்பிக்கைக்கு விலக்கு தரும் அந்த மாநிலத்தின் சட்டப்படி அவள் உயிரோடிருப்பவள். அங்கே மாநில எல்லை செய்ததை இங்கே ஒரு சம்மதப் படிவம் செய்கிறது. தானத்துக்கும் சாவு அறிவிப்புக்கும் முடிச்சுப் போட்டிருப்பதால்தான், உறுப்புக்காகத்தான் செத்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்ற வதந்தி ஊருக்கு ஊர் முளைக்கிறது.

இருந்தும் தமிழ்நாடு இதில் நாட்டுக்கே வழி காட்டியது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவடைந்த பள்ளி மாணவனான தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். போக்குவரத்துக் காவலர்கள் வழியை ஒழுங்கு செய்ய, இதயம் ஒன்பது வயதுச் சிறுமிக்குப் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு அரசு ஆணைகள் வந்தன. காத்திருப்போர் பட்டியலும் ஒதுக்கீட்டு விதிகளும் உருவாயின. பிறகு டிரான்ஸ்டான் என்ற தனி ஆணையம் அமைந்தது. 2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அந்த ஆண்டு 178 ஆக இருந்த இறந்தோர் தானம் 2024இல் 268 ஆனது. ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் போய் விழுந்த கூலித் தொழிலாளியின் குடிசை வாசலில் ஆட்சியர் மலர்வளையம் வைப்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

மதிக்கும்போதே ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. கொடுப்பவர் அரசு மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவர். இதயத்தையும் நுரையீரலையும் பெறுபவர் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைக்குப் பணம் கட்ட முடிந்தவர். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் மாற்று அறுவைகளையும் ஏற்பது நல்ல காரியம், ஆனால் அது இடைவெளியை முழுதும் அடைத்துவிடவில்லை. 2018இல், உள்ளூர் நோயாளிகள் காத்திருக்க வெளிநாட்டவருக்கு இதயங்கள் போனதாகப் பெரிய சர்ச்சை எழுந்தது. அதே ஆண்டு, விபத்தில் சிக்கிச் சேலத்துத் தனியார் மருத்துவமனையில் இறந்த பாலக்காட்டு இளைஞரின் குடும்பம், கட்டணத்தைக் கட்ட முடியாததால் தங்களிடம் உறுப்பு தானத்துக்குக் கையெழுத்து வாங்கியதாகப் புகார் செய்தது. கேரள முதல்வர் நம் அன்றைய முதல்வருக்குக் கடிதம் எழுதினார். புகாரின் முடிவு எதுவாயினும், கட்டண பாக்கியும் தானப் படிவமும் ஒரே மேஜையில் வந்தால் அந்தச் சம்மதத்துக்கு மதிப்பில்லை.

உயிரோடிருப்பவர்கள் கொடுக்கும் சிறுநீரகத்தில் இதைவிடப் பழைய காயம் இருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சென்னையின் வில்லிவாக்கத்தைக் கிட்னிவாக்கம் என்றே அழைத்தார்கள். 1994 சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வொன்று சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைத் தேடிப் பேசியது. 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நான்கில் மூன்று பேர் இன்னும் கடனிலேயே இருந்தார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். ஈரான் 1988 முதல் செய்வதுபோல அரசே விலை வைத்து ஒழுங்குபடுத்தலாமே என்று வாதிடுபவர்கள் இந்த 305 பேருக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் முகாமில் இதே கதை. 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களிடம் இதே கதை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. அன்பினால் கொடுக்கிறேன் என்று அனுமதிக் குழுவின் முன் சொல்லத் தரகர்கள் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். சட்டப்படி வீட்டுக்குள் நடக்கும் தானத்திலும் சமன் இல்லை. 2019 முதல் 2023 வரை இந்தியாவில் உயிரோடு உறுப்பு கொடுத்தவர்களில் ஐந்தில் மூன்று பேருக்கு மேல் பெண்கள். பெற்றவர்களில் ஆண்கள் அதிகம். மனைவியின் 'சரி'க்குப் பின்னால் என்ன இருந்தது என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

இப்போது இரண்டு பாதைகளும் சந்திக்கும் இடத்துக்கு வரலாம். பெல்ஜியத்தில் 2005இலேயே கருணைக்கொலைக்குப் பின் உறுப்பு தானம் நடந்தது. நெதர்லாந்தும், 2016இல் சட்டம் இயற்றிய கனடாவும் அதைத் தொடர்ந்தன. நரம்புச் சிதைவு நோயால் உடல் முடங்கி அறிவு மட்டும் தெளிவாக இருப்பவர்கள்தான் பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள். அவர்கள் வீட்டில் இறக்கும் வாய்ப்பைக் கைவிட்டு அறுவை அரங்குக்குப் பக்கத்தில் இறக்கச் சம்மதிக்கிறார்கள். இதயம் நின்று சில நிமிடங்கள் காத்திருந்து மரணத்தை உறுதி செய்த பிறகே கத்தியை வைக்கிறார்கள். சாகும் முடிவு முற்றிலும் எடுக்கப்பட்டு உறுதியான பிறகுதான் தானம் பற்றிய பேச்சே வர வேண்டும், இரண்டையும் வேறு வேறு குழுக்கள் கவனிக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட நெறி. இதையும் தாண்டி, மயக்கம் கொடுத்து உயிரோடிருக்கும்போதே உறுப்புகளை எடுத்தால் அவை கெடாதே, அதுவே சாவாக ஆகட்டுமே என்று வாதிடும் தத்துவவாதிகளும் இருக்கிறார்கள். இறந்த பிறகே எடுப்பது என்ற விதி உடைந்தால், உறுப்பு கொடுக்க முன்வரும் பல்லாயிரம் சாதாரணக் குடும்பங்களின் நம்பிக்கையும் சேர்ந்து உடையும். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை.

வெங்கடேஷ் இன்று கேட்டிருந்தால்? தெளிந்த மனதோடு வென்டிலேட்டர் வேண்டாம் என்று மறுக்கும் உரிமை அவருக்கு 2018க்குப் பின் உண்டு. மருந்து கொடுத்து மூச்சுத் திணறலைத் தணித்து, கருவியை விலக்கி, இதயம் நின்றபின் சிறுநீரகங்களையேனும் எடுப்பது சட்டத்துக்கு முரணானது அல்ல. உறுப்பு மாற்றுச் சட்டத்தில் இதயம் நின்று நிகழும் சாவும் சாவுதான். 2004இல் குறையாக இருந்தது நீதிமன்றத்தின் கருணை என்பதைவிட, சாகும் முடிவைத் தனியே எடுக்க ஒரு வழி என்பதே சரி. இன்று அந்த வழி இருக்கிறது. இதயச் சாவுக்குப் பின் தானம் பெறுவதில் பயிற்சியும் நெறிமுறையும் உள்ள மருத்துவமனைகள்தான் நம்மிடம் மிகச் சில.

2023இல் இந்தியா முழுவதும் இறந்தபின் உறுப்பு கொடுத்தவர்கள் 1,099 பேர். பத்து லட்சம் பேருக்கு ஒருவர்கூட ஆகவில்லை. ஸ்பெயினில் அந்த ஆண்டு அதே கணக்கு ஐம்பதை நெருங்கியது. மறுக்காதவர் எல்லோரும் சம்மதித்தவரே என்ற சட்டம் ஸ்பெயினிடம் 1979 முதல் இருக்கிறது, சிங்கப்பூரிடம் 1987 முதல் இருக்கிறது, நமக்கும் அது வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். ஸ்பெயினின் எண்ணிக்கை உயர்ந்தது சட்டத்தால் அல்ல, 1989க்குப் பிறகு ஒவ்வொரு மருத்துவமனையிலும் குடும்பத்தோடு பேசப் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை வைத்ததால் என்று அதை நடத்திய ரஃபேல் மத்தேசான்ஸே சொல்லிவந்தார். தலைக்கூத்தலும் கிட்னிவாக்கமும் நடந்த மண்ணில் பேசாதவரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வதை நான் ஒப்பமாட்டேன். நமக்கு வேண்டியது, பேசியவரின் சொல்லை மதிக்கும் சட்டம். உறுப்பு தான அட்டையில் கையெழுத்திட்டவர் இறந்தால், நடைமுறையில் இன்றும் கடைசிச் சொல் உறவினருடையது. சித்தப்பா ஒருவர் முறைத்தால் எல்லாம் நின்றுபோகும். மருத்துவ உயிலும் தான உறுதிமொழியும் ஒரே ஆவணத்தில், தனித்தனிக் கையெழுத்துகளோடு, எந்த மருத்துவமனையும் நள்ளிரவில் எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். 1969 சட்டத்தின் மரண வரையறையில் மூளைத்தண்டுச் சாவைச் சேர்க்க வேண்டும். உறுப்பு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒருவர் ஒரே நேரத்தில்தான் இறந்தவராக அறிவிக்கப்பட வேண்டும். அந்த அறிவிப்புக்குப் பிந்தைய மணித்துளிக்கு எந்தக் குடும்பத்திடமும் கட்டணம் வாங்கக் கூடாது.